ஒரே ஒரு நூல் என்றால் எது?

ஜூன் பிறந்து கல்லூரிகள் திறந்ததும் மெய்யியல் துறைகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. நவீன மேலை மெய்யியல் தாளுக்கு மாணவர் கையில் எந்த நூலைக் கொடுப்பது? பாடத்திட்டத்தின் கடைசியில் பார்வை நூல்கள் என்று பத்துப் பன்னிரண்டு பெயர்கள் அச்சிட்டிருக்கும். பாதி நூலகத்தில் இராது. இருக்கிற பாதியை யாரும் எடுப்பதில்லை. நடைமுறையில் ஒரே ஒரு நூல்தான் படிக்கப்படுகிறது. அதிலிருந்து எடுத்த குறிப்புகளே தமிழ்வழி மாணவரிடம் போய்ச் சேர்கின்றன. விடைத்தாளில் திரும்பி வருபவையும் அவையே. அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? பெரும்பாலும் நமக்கு நம் ஆசிரியர் எதைக் கொடுத்தாரோ அதையே கொடுக்கிறோம்.

இந்திய வகுப்பறைகளில் இப்படிக் கைமாறி வந்த நூல்களை அறிவோம். 1914இல் வெளிவந்து, பின்னர் லெட்ஜர் வுட் திருத்திய ஃபிராங்க் தில்லியின் வரலாறு. 1941இல் வந்த டபிள்யூ. கே. ரைட்டின் நூல்; இவற்றுக்குப் பின் ஒய். மசீஹ் எழுதிய, கிரேக்கம் தொடங்கி நவீன காலம் வரை ஒரே தொகுதியில் அடக்கும் நூல். மூன்றும் உழைப்பில் குறைந்தவை அல்ல. மசீஹின் நூல் நம் தேர்வு முறையை அறிந்தவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். அதன் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே.

எந்த நூலை எடுத்தாலும் அதன் உள்ளே ஒரு கதைப் பின்னல் ஓடுகிறது. நாம் தேர்ந்தெடுப்பது உண்மையில் அதைத்தான். ஐரோப்பாவின் பெருநிலத்தில் அறிவு முதல்வாதிகள் மூவர்: டெக்கார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ். பிரிட்டிஷ் தீவுகளில் அனுபவ முதல்வாதிகள் மூவர்: லாக், பெர்க்லி, ஹியூம். இரு அணியும் முட்டுச்சந்தில் நின்றபோது கான்ட் வந்து வழக்கைத் தீர்த்துவைத்தார். ஆறு பெயர், இரண்டு கட்சி, ஒரு தீர்ப்பு. பதினைந்து மதிப்பெண் வினாவுக்கு இதைவிடத் தோதான கதை கிடையாது.

இந்தப் பின்னலின் வித்து கான்ட்டிடமே இருக்கிறது. 1781இல் வந்த முதல் விமர்சன நூலின் கடைசி அத்தியாயத்தில், ஒரு சில பக்கங்களில், அறிவின் தோற்றுவாய் பற்றிய வழக்கில் அரிஸ்டாட்டிலையும் லாக்கையும் ஒருபுறம், பிளேட்டோவையும் லைப்னிட்ஸையும் மறுபுறம் நிறுத்துகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய வரலாற்றாசிரியர்கள், குறிப்பாகக் கூனோ ஃபிஷர், அதைப் பல தொகுதிகளில் விரித்து வளர்த்தார்கள். வழக்கில் வென்ற கட்சியார் எழுதிய வரலாறு என்பதை மாணவருக்கு நாம் சொல்வதே இல்லை.

கதை எங்கே இடறுகிறது என்பதற்கு ஒரு சான்று போதும். ஹியூம் தம் முதல் பெருநூலை எழுதியது பிரான்சில் உள்ள லா ஃப்ளேஷ் என்ற சிற்றூரில். டெக்கார்ட் பயின்ற ஏசு சபைக் கல்லூரி இருந்த அதே ஊர். எழுதி முடித்துத் திரும்பும் வழியில், 1737 ஆகஸ்டில், தம் நண்பர் மைக்கேல் ராம்சேக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். தம் நூலின் நுட்பமான பகுதிகள் எளிதாக விளங்க வேண்டுமானால் முன்கூட்டி எவற்றைப் படிக்கவேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் தருகிறார்: மால்பிரான்ஷ், பெர்க்லி, பியர் பேலின் அகராதியில் சில கட்டுரைகள், டெக்கார்ட்டின் ‘தியானங்கள்’. லாக் அந்தப் பட்டியலில் இல்லை. லாக்கிடமிருந்து பெர்க்லி, பெர்க்லியிடமிருந்து ஹியூம் என்று நாம் கரும்பலகையில் போடும் அம்புக்குறியை வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். மூன்று பிரெஞ்சு எழுத்தாளர்கள், ஒரே ஓர் அயர்லாந்துக்காரர்!

ஹியூம் லாக்கைப் படிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஹியூமின் எழுத்திலேயே லாக்கின் தடம் தெளிவாக உண்டு. பெர்க்லியின் இடம்தான் ஒருகாலத்தில் ஐயத்துக்கு உள்ளானது. 1959இல் ரிச்சர்ட் பாப்கின், ஹியூம் பெர்க்லியைப் படித்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். சில ஆண்டுகளுக்குள், போலந்தில் சார்தோரிஸ்கி அருங்காட்சியகச் சேகரிப்பில் கிடந்த இந்த ராம்சே கடிதம் அச்சேறி அந்த ஐயத்தைத் தீர்த்தது. இனிப் பார்க்கப்போகும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் வரலாறும் ஃபிரெடெரிக் காப்பிள்ஸ்டனின் வரலாற்றில் ஐந்தாம் தொகுதியும் இந்தக் கடிதம் அச்சேறும் முன்பே வந்துவிட்டன. நூலின் பதிப்பாண்டைப் பார்ப்பது வெறும் நூலகர் வேலை அல்ல என்பதற்காகவே இவ்வளவு சொன்னேன்.

லைப்னிட்ஸ் விஷயமும் இப்படித்தான். லாக்கின் நூலை அதிகாரம் அதிகாரமாக எடுத்துக்கொண்டு மறுமொழி எழுதியவர் அவர். 1704இல் லாக் இறந்தபோது அந்த உரையாடல் நூல் ஏறக்குறைய முடிந்திருந்தது. மறைந்தவருக்கு மறுப்பு எழுதி வெளியிட மனமில்லாமல் ஒதுக்கி வைத்தார். 1765இல்தான் அச்சானது. ஆங்கிலக் கால்வாயின் இருகரையிலும் தனித்தனியாக இயங்கிய கட்சிகள் என்று எழுதும் வரலாறு, லைப்னிட்ஸின் இந்த நூலை எப்படிக் கையாளுகிறது என்று புரட்டிப் பாருங்கள். பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அந்த வரலாற்றைக் கீழே வைத்துவிடலாம்.

இனி, மாணவர்கள் தாமாகவே தேடிப்போகும் நூலுக்கு வருவோம். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் ‘மேலை மெய்யியல் வரலாறு’ 1945இல் வந்தது. பிலடெல்பியாவுக்கு அருகே பார்ன்ஸ் அறக்கட்டளையில் ஆற்றிய விரிவுரைகளே அடிப்படை. அந்த வேலையிலிருந்து அவர் நீக்கப்பட்டு, வழக்குப் போட்டு வென்ற கதை தனி. ஆங்கில உரைநடை என்ற வகையில் இதற்கு ஈடு இல்லை. 1950இல் ரஸ்ஸலுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கலாம். லைப்னிட்ஸ் அத்தியாயம் இன்றும் வாசிக்கத்தக்கது. 1900இலேயே லைப்னிட்ஸைப் பற்றித் தனிநூல் எழுதியவர் அவர். அந்த உழைப்பு ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது.

ஆனால் நவீன காலப் பகுதியின் பின்பாதியை முதலாண்டு மாணவரிடம் துணையின்றிக் கொடுப்பது தவறு. போர் நடந்துகொண்டிருந்த நாளில் எழுதிய நூல் இது. ரூசோவின் விளைவு ஹிட்லர், லாக்கின் விளைவு ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் என்று போகிறபோக்கில் எழுதுகிறார். நீட்சேவுக்கும் இதே கோபம்தான் பரிமாறப்படுகிறது. கவிஞர் பைரனுக்குத் தனி அத்தியாயம் உண்டு. கீர்க்ககார்டுக்கு இல்லை, ஹுஸ்ஸர்லுக்கு இல்லை. கான்ட்டை நவீன மெய்யியலாளருள் தலையாயவர் என்று தம்மால் ஏற்கமுடியாது என வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். அந்த நேர்மை பிடிக்கிறது. கான்ட்டைப் படித்த ஒருவருக்கு இது சுவையான சண்டை. படிக்காதவருக்கோ இதுதான் கான்ட். ரஸ்ஸலை இரண்டாம் நூலாக வையுங்கள், முதல் நூலாக வேண்டாம்.

ஃபிரெடெரிக் காப்பிள்ஸ்டன் இதற்கு நேர் எதிர். ஏசு சபைத் துறவி. கத்தோலிக்கக் குருமடங்களின் மாணவரை மனத்தில் வைத்து 1946இல் தொடங்கி 1975 வரை ஒன்பது தொகுதிகள் எழுதினார். 1948இல் கடவுள் உண்டா என்று பிபிசி வானொலியில் ரஸ்ஸலோடு வாதிட்டவரும் இவர்தான். அக்வினாஸ் வழிவந்த தோமையப் பார்வை உள்ளவர் என்பதை மறைப்பதில்லை. ஆனால் ஹியூமையோ ஸ்பினோசாவையோ விளக்கும்போது, அவர்களின் வாதத்தை அதன் முழு வலிமையோடு வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. நான்கு, ஐந்து, ஆறு ஆகிய தொகுதிகள் நம் தாளின் எல்லையை முழுதாக உள்ளடக்குகின்றன. ஆறாம் தொகுதியில் கான்ட் பகுதி மட்டுமே ஒரு சிறுநூல் அளவு. ஆசிரியரின் மேசையில் இருக்கவேண்டிய நூல் இது. ஒரு பருவத்துக்குள் மூன்று தொகுதி படி என்று இளங்கலை மாணவரிடம் சொல்லிவிட்டு, அவர் வழிகாட்டிக் கையேடு வாங்குகிறார் என்று பிறகு வருந்திப் பயனில்லை.

வில் டுராண்டின் ‘தத்துவத்தின் கதை’யைச் சிலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். மலிவுவிலைச் சிறுபிரசுரங்களாகத் தொடங்கி 1926இல் நூலான படைப்பு. இந்தத் தாளுக்கு இது உதவாது: டெக்கார்ட்டுக்கு அத்தியாயம் கிடையாது, ஹியூமுக்கும் கிடையாது, ஹெர்பர்ட் ஸ்பென்சருக்கு உண்டு. அறிவாராய்ச்சியியல் மெய்யியலைக் கடத்திக்கொண்டு போய்விட்டது என்பது டுராண்டின் மனக்குறை. நம் தாளோ முக்கால்வாசி அறிவாராய்ச்சியியல். பள்ளி முடித்து வரும் பிள்ளைக்குக் கோடை விடுமுறையில் படிக்க ஏதாவது வேண்டுமென்றால் தமிழிலேயே கிடைக்கும் ‘சோஃபியின் உலகம்’ நாவலைக் கொடுக்கலாம்.

1981இல் வந்த ரோஜர் ஸ்க்ரூட்டனின் சுருக்கமான வரலாறு டெக்கார்ட்டிலிருந்து விட்கன்ஸ்டைன் வரை போகிறது. இறுக்கமான நடை, முதுகலை மாணவருக்கு ஏற்றது.

இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது அந்தனி கென்னியின் நான்கு தொகுதி வரலாற்றில் மூன்றாவது, 2006இல் வெளிவந்தது. நாம் பரிந்துரைப்பதும் அதையே. கென்னி டெக்கார்ட்டைப் பற்றியும் அக்வினாஸைப் பற்றியும் விட்கன்ஸ்டைனைப் பற்றியும் தனிநூல்கள் எழுதியவர். இடைக்காலத்தை இருட்டு என்று ஒதுக்கிவிட்டு டெக்கார்ட்டிடம் தொடங்குபவர் அல்ல. பதினாறாம் நூற்றாண்டில் ஆரம்பித்து ஹெகலில் முடிக்கிறார். அமைப்புதான் இதன் தனிச்சிறப்பு. முதல் மூன்று அத்தியாயங்கள் கால வரிசையில் ஆட்களைச் சொல்கின்றன. பிறகு அறிவு, இயற்பியல், இருப்பியல், மனம், அறம், அரசு, கடவுள் என்று பொருள்வாரியாக அதே ஆட்கள் மீண்டும் வந்து ஒருவரோடொருவர் வாதிடுகிறார்கள். இரண்டு கட்சிக் கதை இந்த அமைப்பில் தானாகவே தளர்ந்துபோகிறது. இயற்பியல் அத்தியாயத்தில் கட்சி பிரியும் கோடு அறிவு பற்றிய அத்தியாயத்தின் கோடு அல்ல என்பதை மாணவர் தாமே காண்பார்.

குறையும் உண்டு. ஸ்பினோசா ஏழெட்டு இடங்களில் சிதறிக் கிடக்கிறார். அவரை ஒரே மூச்சில் படிக்க விரும்பும் மாணவர் திணறுவார். ஹெகலுக்குக் கிடைத்த இடம் போதாது. இவ்விரண்டையும் வகுப்பில் ஆசிரியர் ஈடுசெய்துவிடலாம். கதையையே தவறாகச் சொல்லும் நூலை ஈடுசெய்வது அவ்வளவு எளிதல்ல.

பெரும்பாலான பொது வரலாறுகளுக்கும் நம் பாடக்குறிப்புகளுக்கும் பொதுவான ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது: பெண் சிந்தனையாளர்களுக்கு உரிய இடம் இல்லை. 1643 மே மாதம் பொஹீமியா இளவரசி எலிசபெத், டெக்கார்ட்டுக்கு எழுதிய முதல் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்கிறார்: வெறும் சிந்திக்கும் பொருளான ஆன்மா, உடலை எப்படி அசைக்கிறது? இருமைவாதத்தின் மீது இன்றுவரை நாம் வைக்கும் முதன்மையான தடை இதுதான். டெக்கார்ட் கொடுத்த முதல் பதில் போதவில்லை என்று மீண்டும் எழுதினார் எலிசபெத். அடுத்த பதிலும் அவரை நிறைவுசெய்யவில்லை. அடுத்த ஆண்டு வந்த தம் நூலை டெக்கார்ட் அவருக்கே காணிக்கையாக்கினார். எலிசபெத்தின் மடல்கள் 1879இல்தான் நூலாயின. நம் பாடக்குறிப்புகளில் அந்தக் கேள்வி இருக்கிறது, கேட்டவர் பெயர் இல்லை. லைப்னிட்ஸுக்கு முன்பே மோனாடு பற்றி எழுதிய ஆன் கான்வே, 1740இல் இயற்பியலின் அடிப்படைகளைப் பற்றி நூல் வெளியிட்ட எமிலி டு ஷாத்லே ஆகியோர் நிலையும் இதுவே.

ஆகவே பொது வரலாற்று நூலோடு ஒரு மூலநூலையும் கட்டாயமாக்குவதுதான் முறை. ‘தியானங்க’ளின் ஆறு பகுதிகளையும், எலிசபெத்தின் முதல் இரண்டு மடல்களையும் அவற்றின் மறுமொழிகளையும் ஒரு பருவத்தில் படித்துவிட முடியும். ஆங்கிலம் தடையென்றால், ஜோனதன் பென்னட் அந்தக் காலத்து நூல்களை எளிய ஆங்கிலத்தில் திருத்தியமைத்த வடிவங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன; அந்த மடல்களும் அவற்றில் உண்டு. தமிழ்வழி வகுப்புகளுக்கு இதிலிருந்து மொழிபெயர்த்துக்கொள்வது பழைய மொழிபெயர்ப்புகளோடு மல்லுக்கட்டுவதைவிட எளிது.

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருத்தத்தில் அந்தப் பன்னிரண்டு பெயர்களை எடுத்துவிட்டு இரண்டை மட்டும் அச்சிடுங்கள்: கென்னியின் மூன்றாம் தொகுதி, எலிசபெத்தின் மடல்களோடு ‘தியானங்கள்’. காப்பிள்ஸ்டனின் மூன்று தொகுதிகளையும் துறை நூலகத்துக்கு வாங்குங்கள். வினாத்தாளில் ஒரு வினாவாவது மூலநூலின் பத்தி ஒன்றைக் கொடுத்து விளக்கம் கேட்கட்டும். தேர்வில் வராத நூலை மாணவர் தொடமாட்டார்.