பச்சைக் கீரை பொய் சொல்லுமா?

காலையில் கீரைக்காரம்மா வருகிறார். கூடையை இறக்குகிறார். நம் வீட்டுத் தாய்மார்கள் ஒரு கட்டை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள். பூச்சி அரித்திருக்கிறதா? இலை மஞ்சளாக இருக்கிறதா? இல்லையென்றால் வாங்கிவிடுகிறார்கள்.

இந்தப் பார்வை மட்டும் போதாது என்பது என் கருத்து.

காட்மியம், ஈயம், குரோமியம் ஆகியவை உலோகங்கள். பாட்டரி, சாயம், தோல் பதனிடுதல் போன்ற தொழில்களின் கழிவில் இவை வருகின்றன. மண்ணில் சேர்ந்தால் மக்குவதில்லை. நம் நாட்டில் பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-ம் ஆண்டில் நின்றது. ஆனால் அதற்கு முன் சாலையோர மண்ணில் சேர்ந்த ஈயம் எங்கே போகும்? அங்கேயேதான் கிடக்கும்.

வேர் படும் பாடு

இப்படிப்பட்ட மண்ணில் வெந்தயமோ, கொத்தமல்லியோ, முளைக்கீரையோ விதைத்தால் என்ன ஆகும்? முளைக்காது என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் முளைத்துவிடும்! விதைக்கு மேலே தோல் இருக்கிறது. உள்ளே கட்டுச்சோறு இருக்கிறது. அதைத் தின்று தலை நீட்டிவிடும்.

அதன் பிறகுதான் ஆபத்து. வேர் வெளியே வந்து மண்ணைத் தொட்டதும் நஞ்சு தாக்குகிறது. வேர் குட்டையாகிறது. பழுப்பு நிறமாகிறது. வேர் கெட்டால் செடிக்குத் தண்ணீர் ஏது, சத்து ஏது? இலை வெளுக்கிறது. செடி குன்றிவிடுகிறது.

குன்றிப் போனால்கூட நல்லதுதான். அதை யாரும் வாங்கமாட்டார்கள். நஞ்சு குறைவாக உள்ள நிலம்தான் நம்மை ஏமாற்றுகிறது. அங்கே செடி மளமளவென்று வளர்கிறது. குரோமியமும் ஈயமும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். காட்மியம் நிற்காது. துத்தநாகச் சத்து நுழையும் வழியாகவே நுழைந்து இலை வரை ஏறிவிடும். இலையோ பச்சைப் பசேல் என்று இருக்கும்!

இலை மேல் படிந்த ஈயத் தூசியைக் கழுவலாம். உள்ளே ஏறிய காட்மியத்தைக் கழுவ முடியாது. வேக வைத்தாலும் போகாது.

அது என்ன செய்யும்? ஜப்பானில் ஒரு சுரங்கத்துக் கழிவு ஜின்சு என்ற ஆற்றில் கலந்தது. அந்தத் தண்ணீரில் நெல் விளைந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. எலும்பு முறிந்தது. அந்த நோய்க்கு "இதாய் இதாய்" என்று பெயர். "வலிக்கிறதே, வலிக்கிறதே" என்று அர்த்தம். காட்மியத்தால் வந்த நோய்தான் அது என்று அந்நாட்டு அரசாங்கம் 1968-ல் ஒப்புக்கொண்டது.

அட்டையில் இல்லாத மூன்று

இதைப் படித்துவிட்டுக் கீரையை நிறுத்திவிடாதீர்கள். ஏழை வீட்டுக்கு அதைவிட மலிவான சத்து கிடையாது. கீரைக்காரம்மாவோடு சண்டைக்கும் போகாதீர்கள். அவருக்கு மட்டும் என்ன தெரியும்? சோதித்துச் சொல்லவேண்டியது அரசாங்கம்.

விவசாயிகளுக்கு மண்வள அட்டை கொடுக்கும் திட்டம் 2015-ல் வந்தது. நல்ல திட்டம். அதில் 12 விவரங்கள் உண்டு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, இரும்பு, துத்தநாகம் எல்லாம் இருக்கின்றன. ஈயம் இல்லை. காட்மியம் இல்லை. குரோமியம் இல்லை!

எல்லா நிலத்துக்கும் வேண்டாம். சாக்கடைக் கால்வாய் ஓரத்திலும் தொழிற்சாலை ஓரத்திலும் கீரை போடும் நிலங்களுக்காவது இந்த மூன்றையும் சோதிக்க வேண்டும்.

செலவுக்கு யார் பணம் கொடுப்பது? வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், 1996-லேயே சுப்ரீம் கோர்ட்டு பதில் சொல்லிவிட்டது. கெடுத்தவர்தான் கொடுக்க வேண்டும். தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம், பாதியோ முழுதுமோ, பயிருக்கு உதவாமல் போனதாக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஏக்கரில் சொன்னால் 86 ஆயிரத்துக்கும் மேல்!

நிலம் கெட்டிருப்பதாகத் தெரிந்தால் விவசாயியை விரட்டக்கூடாது. வேறு பயிருக்கு மாற நாற்றும் பணமும் கொடுக்க வேண்டும். சம்பங்கி போடட்டும், சாமந்தி போடட்டும். சாமந்திப் பூவை யாரும் கூட்டு வைத்துச் சாப்பிடுவதில்லை.