முதலில் ஆலை வாசலுக்குப் போகட்டும்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் 1-1-2019 முதல் தடை. சாக்கடை அடைத்துக் கடைக்குள் தண்ணீர் புகுந்தால் நஷ்டம் நமக்கும்தான். எனவே தடையை நாம் குறை கூறவில்லை.

ஆனால், கால் கிலோ கேரி பேக்குக்கு மளிகைக் கடைக்காரர் அபராதம் கட்டுகிறார். அது மூட்டை மூட்டையாக வரும் வழியை அடைப்பது யார்? “120 மைக்ரான், செல்லும்” என்று சொல்லியே நம்மிடம் விற்கிறார்கள். அது மத்திய அரசின் விதி. தமிழகத்திலோ எந்தத் தடிமனிலும் கேரி பேக் கூடாது.

மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலர்கள் இதைச் சங்கக் கூட்டங்களுக்கு வந்து விளக்க வேண்டும். சோதனையை உற்பத்தி செய்யும் ஆலையில் தொடங்க வேண்டும். 2021-இல் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’யை நாமும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுவோம்.