நகரத்தில் ஒருவருக்கு மாதச் செலவு ரூ.6,459: அந்த 'சராசரி இந்தியர்' வரிசையில் எங்கே நிற்கிறார்?

திருமுல்கேரியில் வாடகை வீட்டில் இருக்கும் நாலு பேர் குடும்பம் உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு (ஆகஸ்ட் 2022 – ஜூலை 2023) தெலங்கானா நகரங்களில் ஒரு நபரின் சராசரி மாதச் செலவு ரூ.8,158 என்கிறது. நாலு பேருக்கு ரூ.32,632. 'நம்ம வீட்ல அவ்வளவு ஆகலையே, நாம பின்தங்கிட்டோமா?' என்று தோன்றலாம். அவசரப்பட வேண்டாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கற்பனையாக ஒரு அபார்ட்மென்ட், பத்து வீடுகள். நாலு வீட்டுக்கு வாடகை 14,000. ஐந்து வீட்டுக்கு 16,000. மொட்டை மாடியோடு இருக்கும் பெரிய வீட்டுக்கு 34,000. மூன்று வாடகையையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 21,333 வரும். இது தப்பு, எத்தனை வீடு என்பதையே மறந்துவிட்டோம். பள்ளியில் 'நிகழ்வெண்' என்று படித்தோமே, அதுதான் அந்த எண்ணிக்கை. அதால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 1,70,000. பத்தால் வகுத்தால் 17,000. கணக்கு சரி. ஆனால் பத்தில் ஒன்பது வீடு சராசரிக்குக் கீழே!

இப்போது உங்களிடம் தனித்தனி வாடகை இல்லை. '10,000–20,000: 9 வீடு, 20,000-க்கு மேல்: 1 வீடு' என்ற அட்டவணை மட்டும்தான் இருக்கிறது. முதல் பிரிவுக்கு நடுவில் உள்ள 15,000-ஐ எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதுக்கு? மேல் எல்லையே இல்லை. 25,000 என்று ஊகித்தால் சராசரி 16,000. 45,000 என்றால் 18,000. ஆபீஸ்களில் சுற்றும் சம்பள சர்வேக்களில் 'இத்தனை லட்சத்துக்கு மேல்' என்று முடியும் கடைசி வரியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான்.

நல்லவேளையாக, 2,61,746 குடும்பங்களிடம் நடந்த அரசுக் கணக்கெடுப்பில் அந்தச் சிக்கல் இல்லை. மக்களைச் செலவு வாரியாக வரிசையில் நிறுத்தி 12 பிரிவாக வெட்டி, ஒவ்வொன்றின் உண்மையான சராசரியையும் தந்திருக்கிறார்கள். நாடு முழுவதுமான நகரப் பட்டியலில் அடிமட்ட 5% பேரின் செலவு ரூ.2,001. உச்சியில் உள்ள 5% பேருக்கு ரூ.20,824.

ஆனால் இங்கேயும் ஒரு பொறி உண்டு. இரண்டு முனைகளிலும் தலா இரண்டு பிரிவுகள் 5% பேரைக் கொண்டவை; நடுவில் இருக்கும் எட்டும் தலா 10%. இதைக் கவனிக்காமல் 12 எண்ணையும் எக்ஸெல் ஷீட்டில் போட்டு சராசரி எடுத்தால் ரூ.6,959 வரும். மக்கள்தொகை விகிதத்தால் பெருக்கிக் கூட்டினால் ரூ.6,459. அரசு சொல்லும் எண் இதுதான். ஒரு ஃபார்முலா தவறுக்கு ஆளுக்கு 500 ரூபாய் வித்தியாசம்.

சரி, ரூ.6,459 செலவழிப்பவர் வரிசையில் எங்கே? 50–60% பிரிவின் சராசரி ரூ.5,662. 60–70% பிரிவுக்கு ரூ.6,524. ஆக, நகரவாசிகளில் சுமார் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் 'சராசரி'யைவிடக் குறைவாகத்தான் செலவு செய்கிறார்கள். உச்சி 5 சதவீதத்தை மட்டும் விலக்கினால் சராசரி ரூ.5,700 அளவுக்கு இறங்கிவிடுகிறது.

வரிசையின் நட்டநடுவில் நிற்பவரின் செலவு, அதாவது இடைநிலை அளவு, ரூ.4,963-க்கும் ரூ.5,662-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. தோராயமாக 5,300 என்று கொண்டால், நாலு பேர் குடும்பத்துக்கு ரூ.21,200. சராசரிப்படி பார்த்தால் ரூ.25,836. இடையில் இருக்கும் நாலாயிரத்துச் சொச்சம், நடுவில் நிற்கும் குடும்பம் செலவே செய்யாத பணம்.

இது நாடு தழுவிய நகரக் கணக்கு. தெலங்கானாவிலும் செலவு இதே மாதிரி மேல்பக்கம் சாய்ந்திருந்தால், உங்கள் வீட்டு பட்ஜெட்டை 32,632-ஓடு ஒப்பிடுவது அந்த மொட்டை மாடி வீட்டோடு ஒப்பிடுவது போலத்தான். அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் (2023–24) நாட்டின் நகரச் சராசரி ரூ.6,996 ஆகியிருக்கிறது. அதைப் பார்க்கும்போது அடுத்த பக்கத்துப் பிரிவுவாரி அட்டவணையையும் திறந்து, உங்கள் வீட்டு எண் எந்த வரியில் விழுகிறது என்று தேடிப் பாருங்கள்.