அழித்துவிட்டுப் போவதற்கா பொலிஸ் நிலையம்?

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். அவரது கைத்தொலைபேசியில் ஓர் ஆங்கில மின்னஞ்சல். "உன்னைக் கமெராவினூடாகப் படம் பிடித்துள்ளேன். இரண்டு நாட்களுக்குள் பிட்கொயினாகப் பணம் அனுப்பாவிடில் உன் உறவினர் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள்" என்பது அதன் சாரம். நம்பவைப்பதற்காக அவருடைய பழைய கடவுச்சொல்லும் அதில் இருந்தது. பொலிஸ் நிலையத்தில் அவருக்குக் கிடைத்த பதில்: "இது எல்லோருக்கும் வருவது. அழித்துவிட்டுப் போ."

எல்லோருக்கும் வருவது என்பது உண்மையே. 2018 முதல் இத்தகைய மின்னஞ்சல்கள் உலகெங்கும் சுற்றி வருகின்றன. பெரும்பாலும் படமும் இல்லை, பிடித்தவனும் இல்லை. கடவுச்சொல் மட்டும் மெய். 2012 இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து களவாடப்பட்டவை போன்ற பட்டியல்களிலிருந்து அது எடுக்கப்படுகின்றது. ஆயினும், பொய்யைக் கூறி மிரட்டினாலும் அது கப்பம் பறிக்கும் முயற்சியே. பலரிடம் கேட்பதால் குற்றம் சிறிதாகிவிடுமா? 2018 டிசெம்பர் 13 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பல நிறுவனங்களுக்கு, 20,000 டொலர் கேட்டு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. அவையும் வெறும் பொய்களே. எனினும், அங்கு பொலிஸார் சென்று சோதனையிட்ட பின்னரே பொய் என்றனர்.

குப்பை அஞ்சல் அனைத்தையும் பதிந்துகொண்டிருக்க முடியுமா என்பர் சிலர். வேண்டாம். லொத்தர் விழுந்தது என்பதை அழித்துவிடுங்கள். உயிரையும் மானத்தையும் காட்டி மிரட்டுவதை அழிக்காதீர்கள். வெற்று மிரட்டல் எது, மெய்யானது எது எனத் தீர்மானிப்பது அஞ்சி நிற்பவரின் வேலையன்று. 2009 ஜனவரி 8 இல் கொல்லப்பட்ட லசந்த விக்கிரமதுங்கவுக்கும் முன்னரே மிரட்டல்கள் வந்திருந்தன. மிரட்டல்களைக் குப்பைக் கூடையில் போட்டே பழகிய என் தலைமுறைப் பத்திரிகையாளர்கள் அதை மறக்கலாகாது.

சட்டம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கணினிக் குற்றச் சட்டம் 2007 இலேயே வந்துவிட்டது. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் நிறைவேற்றினர். மக்கள் இணையத்தில் எழுதுவதைக் கண்காணிக்க நேரமுள்ள அரசுக்கு, அதே இணையத்தில் மிரட்டப்பட்டவனின் முறைப்பாட்டைப் பதிய நேரமில்லையா?

மொழி இன்னொரு தடை. அரச அலுவலருடன் தமிழில் கருமமாற்றும் உரிமையை 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தம் மாத்தளை போன்ற மாவட்டத் தமிழருக்கும் உறுதிப்படுத்தியது. ஆனால் ஆங்கிலத்தில் வந்த மிரட்டலைத் தமிழில் விளக்கி, சிங்களத்தில் எழுதப்பட்டதன் கீழ் வாசிக்காமலே ஒப்பமிடுவதுதான் தோட்டத்து மக்களின் நடைமுறை.

ஆகவே நண்பர்களே, பணம் அனுப்பாதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். மூல மின்னஞ்சலை அப்படியே வைத்திருங்கள். அது வந்த வழி அதில்தான் பதிவாகியிருக்கும். முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறாமல் பொலிஸ் நிலையத்தை விட்டு எழாதீர்கள்.

மறுநாள் அந்த இளைஞருடன் நானும் சென்றேன். முறைப்பாடு பதியப்பட்டது, அதுவும் தமிழில். கதிரையும் கொடுத்தார்கள். ஒரு பத்திரிகையாளன் உடன்வந்தால் மட்டுமே கிடைப்பதற்குப் பெயர் உரிமையா, சலுகையா?