முட்டைக்குள் ஓர் உயிர்



ஊர்க்கோழி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. அடைக்கோழியின் கீழ் பன்னிரண்டு முட்டை வைத்தோம்; 21 நாள் கழிந்து பார்த்தால் ஐந்தாறுதான் குஞ்சாயிற்று; மீதி கூமுட்டை. பழி கோழியின் மேல் விழும். முட்டை விற்றுப் பிள்ளைகளின் கொப்பி, புத்தகச் செலவைச் சமாளிக்கும் தாய்க்கு இது சிறிய நட்டமல்ல. ஆனால் எந்த முட்டையில் உயிர் இருக்கிறது என்பதை ஏழாம் நாளிலேயே அறிந்து கொள்ளலாம். அதற்கு ஒரு டோர்ச் போதும்.

முதலில் முட்டையைத் தெரிவு செய்யுங்கள். சேவலுடன் திரியும் கோழியின் முட்டையே கருக்கட்டும். பண்ணைகளில் சேவலின்றி வளரும் கோழிகளின் முட்டையை எத்தனை நாள் அடைவைத்தாலும் குஞ்சு வராது. இட்டு ஏழு நாளுக்கு மேற்படாத, வெடிப்பில்லாத, நடுத்தர அளவான முட்டைகளை எடுங்கள். அடைவைக்கும் வரை கூர்முனை கீழாக, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். கழுவவும் வேண்டாம், ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விட்டால் கிருமி இலகுவாக உட்புகும்.

ஏழாம் நாள் இரவு, அறையை இருட்டாக்கிக் கொள்ளுங்கள். கட்டியான மட்டையில் முட்டையை விடச் சிறிய துவாரமிட்டு, பின்னால் டோர்ச்சை வைத்து, முட்டையின் அகன்ற முனையைத் துவாரத்தில் பொருத்துங்கள். ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்கள் போல் பரவும் செந்நரம்புகளும் தெரிந்தால் உயிருள்ள முட்டை. ஒன்றுமின்றித் தெளிவாக ஒளிர்ந்தால் கருக்கட்டாதது. நரம்புகளின்றி இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. சந்தேகமானதை அடையாளமிட்டு, பதினான்காம் நாள் மீண்டும் பாருங்கள். இறந்த முட்டையை விட்டுவைத்தால் அது அழுகி, வெடித்து, நல்ல முட்டைகளையும் கெடுக்கும். அதனை மண்ணில் புதைத்துவிடுங்கள்.

அடைக்கோழி இல்லாதபோது பெட்டியில் பொரிக்க வைக்கும் முறையும் புதியதல்ல. கி.பி. 1200ஆம் ஆண்டளவில் எகிப்தில் தங்கியிருந்த பக்தாத் அறிஞர் அப்துல் லதீப் அல்பக்தாதி, அந்நாட்டார் சாணத்தின் சூட்டைக் கொண்டு குஞ்சு பொரிக்க வைத்ததைத் தமது நூலில் விரிவாக எழுதியுள்ளார். வெப்பமானி இல்லாத அத்தொழிலாளர்கள் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றியே சூட்டை அறிந்தார்கள்.

நமக்கு ஒரு ரெஜிபோம் பெட்டி, சூடு தரும் பழைய இழை மின்குமிழ், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், வெப்பமானி, ஒரு தட்டுத் தண்ணீர் ஆகியன போதும். காற்றுத் துவாரங்களும் இருக்கட்டும். விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 101 முதல் 102 பாகை பரனைட் வரை, விசிறி உள்ளதில் 99.5 பாகை சூடு இருக்க வேண்டும். முட்டையின் ஒரு பக்கம் புள்ளடியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் இட்டு, நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை புரட்டுங்கள். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பதினெட்டாம் நாளோடு புரட்டுவதை நிறுத்தி, தண்ணீர்த் தட்டைப் பெரிதாக்கி ஈரத்தைக் கூட்டுங்கள்.

2022இல் நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு நிலவியதை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் நின்றால் பதறிப் பெட்டியைத் திறக்காதீர்கள். கம்பளியால் மூடி, சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். தாய்க்கோழியும் தினமும் சிறிது நேரம் இரை தேட எழுந்து போகிறது. சற்றுக் குளிர்வதைக் கரு தாங்கும். அதிக சூட்டை அவ்வளவு தாங்காது.

குஞ்சு ஓட்டில் துளையிட்ட பின் வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். இரக்கப்பட்டு ஓட்டை உரிக்காதீர்கள். அந்நேரத்தில்தான் அது நரம்புகளில் உள்ள இரத்தத்தையும் மஞ்சட்கருவையும் உடலுக்குள் இழுத்துக் கொள்கிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசிந்து இறந்துவிடும். பிள்ளைகளையும் தொடவிடாமல், பார்க்க மட்டும் விடுங்கள்.

இறுதியாக ஒன்று. ஏழு நாள் சூட்டில் கிடந்து, கருக்கட்டவில்லை என்று ஒதுக்கிய முட்டையைப் புது முட்டைகளோடு கலந்து விற்காதீர்கள். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். வாங்குபவரிடம் டோர்ச்சும் இருக்காது. ஆனால் உள்ளே இருப்பதைப் பார்த்தவர் நீங்கள். அல்லாஹ்வும் பார்த்துக் கொண்டிருக்கிறான். நாலு முட்டையின் விலைக்காக நாணயத்தை விற்காத வீட்டின் முட்டையை ஊரார் தேடி வந்து வாங்குவார்கள்.