ஒரு நம்பர் குறையுது

எங்க மாமா வீட்டில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. உள்ளே ராணி காமிக்ஸ், 1 முதல் 100 வரை நம்பர் வாரியாக அடுக்கியிருக்கும். 37 மட்டும் கிடையாது. அந்த 37ஐத் தேடி மூன்று வருடம் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் அலைந்த கதையையும், அலைந்ததில் எனக்கு வந்த ஒரு கோபத்தையும் இங்கே கொட்டிவிடுகிறேன். செமஸ்டர் லீவில் வேறென்ன வேலை :-)

காமிக்ஸ் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. சிவகாசியில் சௌந்திரபாண்டியன் 1972ல் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தார். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. 1984ல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸ் தொடங்கினார். அதே வருடம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் ஜேம்ஸ்பாண்ட் வரும் 'அழகியைத் தேடி'. 2005 வரை ஓடி 500 இதழோடு நின்றுபோனது. லயனும் முத்துவும் இன்றைக்கும் வருகின்றன. இன்னொரு கூத்து: முத்து காமிக்ஸில் வேதாளராக வந்தவர் ராணி காமிக்ஸில் மாயாவி ஆகிவிட்டார். அதனால் "மாயாவி புக் இருக்குங்களா?" என்று கேட்டால் கடைக்காரர் எந்த மாயாவியை எடுத்துத் தருவார் என்று சொல்ல முடியாது.

மாமா அப்போது நாமக்கல் லாரி ஒன்றில் கிளீனர். அப்புறம்தான் டிரைவர் ஆனார். வண்டி எந்த ஊரில் நின்றாலும் பஸ் ஸ்டாண்ட் கடைக்குப் போய்ப் புது ராணி காமிக்ஸ் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவாராம். சரக்கு இறக்கும் வரைக்கும் அதுதான் பொழுதுபோக்கு. அப்படிச் சேர்ந்தது மழையில் ஒழுகிக் கொஞ்சம் போனது. அத்தை எடைக்குப் போட்டதில் கொஞ்சம் போனது. 37 மட்டும் வேறு மாதிரி. "படிச்சுட்டுத் தர்றேன்" என்று ஒருவர் வாங்கிக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை. அன்றைக்குப் பெட்டிக்குப் பூட்டு போட்டவர்தான். அதற்கப்புறம் யாருக்கும் ஒரு புத்தகம் தந்ததில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது எனக்கே அவர் எதிரில் உட்கார்ந்து படிக்கத்தான் அனுமதி.

நான் தேட ஆரம்பித்தபோது மொத்தம் 14 நம்பர் குறைந்தது. இந்தத் தேடலில் சில விஷயங்கள் கற்றுக்கொண்டேன். பழைய பேப்பர் கடைக்கு எப்போதும் போகக் கூடாது. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும் சமயமும், பரீட்சை முடிந்து பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் எடைக்கு வரும் மே மாதமும்தான் சரியான சீசன். அட்டை இருந்தால் மட்டும் போதாது, பின் அடித்த நடுப்பக்கம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சில வீட்டில் பத்துப் பத்து இதழாகச் சேர்த்து பைண்டிங் பண்ணி ஓரத்தை வெட்டிவிட்டிருப்பார்கள். அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவவே முடியாது. எல்லாவற்றையும் விட முக்கியம், சீக்கிரம் போகணும். எங்க ஊர்ப்பக்கம் பழைய பேப்பர் கூழாகி முட்டை அட்டையாகிவிடும். ஒரு ட்ரேயில் 30 முட்டை. நீங்கள் நேற்று ஆம்லெட் போட்ட முட்டையை ஜேம்ஸ்பாண்ட் சுமந்து வந்திருக்கலாம்.

இப்படியே 13 நம்பர் கிடைத்துவிட்டது. சிலது செவ்வாய்ப்பேட்டையில், சிலது திருச்செங்கோட்டில், ரெண்டு ஈரோடு புத்தகத் திருவிழாவில் பழக்கமான ஒருவர் சும்மாவே கொடுத்தது. 37 மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒருவரிடம் இருப்பது தெரிந்து வாட்ஸப்பில் கேட்டேன். "4000 ரூபாய். ரேர் ஐட்டம் பாஸ்" என்றார். கதையாவது படிக்க வேண்டும், முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றேன். "பார்த்துட்டா அப்புறம் வேல்யூ போயிடும்" என்று பதில் வந்தது. கோபம் வந்தது அங்கேதான்.

நியாயமாகப் பேசுவோம். விலை வைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஊர் ஊராகப் போக அவருக்கும் பெட்ரோல் செலவு இருக்கிறது. பழைய காமிக்ஸுக்குக் காசு உண்டு என்று தெரிந்த பிறகுதான் பேப்பர் கடைக்காரர்களே அதைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள். விலை இல்லையென்றால் எல்லாமே முட்டை அட்டைதான். ஆனால் இன்னொருவர் பார்த்தாலே மதிப்பு போய்விடும் என்று நினைத்து ஒரு கதையைப் பூட்டி வைப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அமெரிக்காவில் பேஸ்பால் கார்டுகளில் இந்தக் கூத்து எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. டாப்ஸ் என்ற கம்பெனி 1952ல் போட்ட கார்டுகளில் விற்காமல் தேங்கியதை 1960ல் கடலில் கொண்டுபோய்க் கொட்டியதாக அங்கே வேலை பார்த்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் தப்பிப் பிழைத்த மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022ல் 1.26 கோடி டாலருக்குப் போனது. நம்ம கணக்கில் சுமார் 100 கோடி ரூபாய்! ஆனால் மறுபக்கமும் உண்டு. 1980களின் கடைசியில் "இதுவும் ஒருநாள் விலை ஏறும்" என்று ஆளாளுக்குப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமல் வைத்தார்கள். கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. இன்றைக்கு அந்தக் கார்டுகளில் பெரும்பாலானவற்றைச் சீந்த ஆளில்லை. விளையாடக் கொடுத்து, தொலைத்து, கிழித்து, மிச்சம் இருந்ததற்குத்தான் விலை. விலைக்காகவே பூட்டி வைத்ததற்கு அது கிடைக்கவில்லை.

நம்ம ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். தன் கைக்காசில் பழைய புத்தகம், பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று கண்டதையெல்லாம் சேர்த்தார். சுமார் 1 லட்சம் சேர்ந்தது. 1992ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, ஆனால் கப்பல் ஏற்றிக்கொண்டு போகவில்லை. 1994ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் வந்தது. ஒரு தனி மனிதரின் பைத்தியம் இன்று பல பேர் போய் உட்கார்ந்து படிக்கும் இடம். அவர் சேர்த்ததும் குப்பை என்று பலர் சொல்லியிருக்கக்கூடியதுதான். திறந்து வைத்ததால் நூலகம் ஆனது.

சரி, 37க்கு வருகிறேன். கையில் 4000 ரூபாய் இருந்தது, மெஸ் பில்லுக்கு வைத்த பணம். அனுப்பியிருப்பேன். அதற்குள் ராசிபுரத்தில் ஒரு ரிடையர்டு வாத்தியார் வீட்டில் இருக்கிறது என்று ஒரு நண்பன் சொன்னான். போய்ப் பார்த்தால் 31 முதல் 40 வரை காலிகோ பைண்டிங். விலைக்குக் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "புக்கு வெளிய போகாதுங்க தம்பி. ஆளு உள்ள வரலாம். மாமாவைக் கூட்டிட்டு வாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா போனார். திண்ணையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதாகப் படித்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "இதுக்காடா முப்பது வருசத்துக்கு மேல பெட்டியைப் பூட்டி வெச்சிருந்தேன்" என்று சிரித்தார். வாத்தியாரின் பைண்டிங்கில் 12ஆம் நம்பரில் நாலு பக்கம் கிழிந்திருந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் தன் 12ஐ ஒரு மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொடுத்து, "படிச்சுட்டு மெதுவா தரட்டும்" என்றார். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகம் வெளியூர் போனதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

இப்போது பெட்டியில் 36க்கும் 38க்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. மாமா கையெழுத்தில், "37 ராசிபுரம் வாத்தியார் வீட்டில்". செட் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். "முடிஞ்சு போச்சு" என்கிறார்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பரணில் காமிக்ஸ் கட்டு இருந்தால் விற்கவும் வேண்டாம், தானம் கொடுக்கவும் வேண்டாம். என்னென்ன நம்பர் இருக்கிறது என்று ஒரு பேப்பரில் எழுதி நாலு பேருக்குத் தெரியும்படி வையுங்கள். யாராவது வந்தால் உட்கார இடம் கொடுங்கள். இதைப் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்னால் செய்துவிடுங்கள். முட்டை அட்டையிலிருந்து எதையும் திரும்ப எடுக்க முடியாது.