தொட்டிச் செடியின் தாயகம்

நிலத்தில் வேரூன்றி நிற்கும் செடி தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும். மேல்மண் வறண்டால் வேரை ஆழத்திற்கு அனுப்பும். ஒருபுறம் பாறை தடுத்தால் மறுபுறம் திரும்பும். தொட்டியில் நிற்கும் செடிக்கு அவ்வுரிமை இல்லை. அதன் உலகம் ஒரு சாண் அகலமும் ஒரு சாண் ஆழமும் உடையது. ஒளியும் நீரும் உணவும் பிறர் தந்தால் உண்டு; தராவிடின் இல்லை. ஆதலின் ஒரு பூச்செடியைத் தொட்டியிலிட்டு இல்லத்திற்குக் கொண்டுவருபவர் ஓர் உயிரைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் ஆகின்றார்.

இப்பொறுப்பை ஏற்பவர் பலர், நிறைவேற்றுபவர் சிலரே. நாற்றுப் பண்ணையில் பூத்துக் குலுங்கிய செடி, வீட்டிற்கு வந்த இரண்டு திங்களுக்குள் வாடி மடிவதை எங்கும் காணலாம். ‘கைராசி இல்லை’ என்று கூறி வீட்டார் ஆறுதல் கொள்வர். கைராசி என்பது வசதியான ஒரு சாக்கு. மடிந்த செடியைப் பிடுங்கிப் பார்த்தால் பெரும்பாலும் அழுகிய வேரே கையில் வரும்.

வேர் நீரைப் பருகுவதோடு மூச்சும் விடுகின்றது. மண்துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் தங்கும் காற்றே அதற்கு உயிர்வளி தருகின்றது. நாள்தோறும் தொட்டி நிரம்ப ஊற்றினால், அவ்விடைவெளிகளில் நீர் புகுந்து காற்றை வெளியேற்றிவிடும். வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது; ஆகவே இலை வாடும். இலை வாடியதைக் கண்ட வீட்டார், ‘ஐயோ, நீர் போதவில்லை போலும்!’ என்று இரங்கி மேலும் ஒரு செம்பு ஊற்றுவர். பட்டினியால் மடியும் தொட்டிச் செடிகளைவிட இத்தகைய பரிவினால் மடிவனவே மிகுதி. விரலை ஓர் அங்குலம் மண்ணுள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாதபோது மட்டும் நீர் விடுவதற்குப் பெரும்புலமை வேண்டியதில்லை. தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்குவது மாந்தருக்கும் கேடு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய நீரில் பெருகும்.

ஆயினும், எல்லாச் செடிகளுக்கும் ஒரே அளவு கூறுதல் இயலாது. ஒன்றுக்கு வெயில் அமுதம். மற்றொன்றுக்கு அதுவே நஞ்சு. எச்செடிக்கு எது வேண்டும் என்பதை அறியச் சிறந்த வழி, ‘இதன் தாயகம் எது?’ என்று முதற்கண் கேட்டலேயாகும். விலையைக் கேட்கின்றவர் எல்லாரும் இதனையும் கேட்டிருந்தால், எத்தனையோ செடிகள் பிழைத்திருக்கும்.

தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் மாடிப்படி ஓரமாக நிற்கும் நிஷாகந்தியைக் காண்க. ஆண்டின் பெரும்பகுதி அதனை ஏறெடுத்துப் பார்ப்பவர் இல்லை. தட்டையான பச்சைப் பட்டைகள் தாறுமாறாகத் தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவே. மழைக்காலத்தில் ஒருநாள், பட்டையின் விளிம்பில் சிறியதோர் அரும்பு தோன்றும். அது நாளுக்கு நாள் நீண்டு வளர்ந்து, கீழே தாழ்ந்து, பின் யானையின் துதிக்கைபோல் நுனி நிமிரும். ஓர் இரவு, பொழுது சாய்ந்தபின் மெல்ல விரியத் தொடங்கி, நள்ளிரவை நெருங்கும்போது உள்ளங்கையினும் பெரிய வெண்மலராய் நிற்கும். வீடு முழுதும் மணக்கும். அண்டை வீட்டாரை எழுப்பி அழைத்துவந்து காட்டுவோரும் உண்டு. விளக்கேற்றி வணங்குவோரும் உண்டு. பொழுது புலர்வதற்குள் அம்மலர் தலைசாய்ந்துவிடும்.

இச்செடி கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் பலர் நம்பார். இதில் இலை என்று எண்ணப்படுவது உண்மையில் தண்டே. ஒரு துண்டை நட்டால் வேர்விடுவது அதனால்தான். கள்ளி என்றவுடன் பாலைநிலம் நினைவிற்கு வருதலின், இதனைச் சுடுவெயிலில் வைத்துக் கருக்கிவிடுவோரும் உளர். இதன் தாயகமோ தெற்கு மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் சார்ந்த காடுகள். அங்கே இது மரக்கிளைகளின் கவட்டில், மட்கிய சருகில் வேர்விட்டு வாழ்கின்றது. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. தங்க இடம் மட்டுமே பெறுகின்றது. மேலே தழைநிழல், பெய்யும் மழை உடனே வடிந்துவிடும். இவ்வளவு அறிந்தவர்க்கு மற்றவை தாமே விளங்கும். இளநிழலான இடமும், மட்கிய சருகும் மணலும் கலந்து நீர் தங்காத மண்ணும் இதற்குப் போதும். இரவில் மலர்வதன் காரணமும் அத்தாயகத்திலேயே உள்ளது. இருளில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கே அவ்வெண்மையும் அம்மணமும் அமைந்தன.

இதனைப் பிரம்ம கமலம் என்று வழங்குவோர் பலர். அப்பெயருக்கு உரிய செடி இமயமலையின் குளிர்ந்த உயரங்களில் வளர்வது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டிற்கும் யாதோர் உறவும் இல்லை. ஒன்றன் பெயரை மற்றொன்றுக்குச் சூட்டுவதால் இரண்டையும் அறியாது போகும் நிலையே விளைகின்றது.

மல்லிகையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது வெயிலை விரும்புவது. அதனைக் கூடத்து மூலையில் வைத்துவிட்டு, மணம் வரும் என்று காத்திருப்பது வீண். கார்த்திகை, மார்கழியில் கிளைகளை நறுக்கிவிட வேண்டும். புதுத் தளிரிலேதான் அது அரும்பும். நறுக்க மனமில்லாதார் இலையைக் கண்டு மகிழலாம்; பூவைக் காண்பது அரிது. கொலம்பியா நாட்டு ஈரக்காடுகளிலிருந்து வந்த ஆந்தூரியத்திற்கோ வெயில் ஆகாது. எடுவார் ஆந்திரே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1876-ஆம் ஆண்டில் அதனைக் கண்டார். அதன் செந்நிற மடல் பூவன்று. நடுவே நிமிர்ந்து நிற்கும் தண்டில் நெருங்கியுள்ள நுண்ணிய மணிகளே பூக்கள்.

தமிழில் பூவின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனத் தனித்தனிப் பெயர்கள் வழங்கின. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் தொடர்ந்து வருகின்றன. நாள்தோறும் செடியருகே நின்று நோக்கியவர்களிடம் பிறந்த சொற்கள் இவை. கடையில் முழக்கணக்கில் பூ வாங்குபவர்க்கு இவற்றுள் ஒன்றிரண்டே போதும். ஏனையவை அகராதிக்குச் சென்றுவிடுகின்றன. ஒரே ஒரு செடியைத் தொட்டியில் வளர்க்கும் மாணவன், ஏழு சொற்களுக்கும் பொருளை ஒரு கிளையிலேயே காண்பான்.

அயல்நாட்டுச் செடிகள் ஏன் என்று வினவுவாரும் உளர். சுவரோரம் தானே முளைத்து நிற்கும் நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவினது. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து அதிலிருந்து கிடைத்தது. காகிதப்பூ பிரேசில் நாட்டினது. இவ்வளவு ஏன், நாள்தோறும் குழம்பிலிடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. அயலது என்பதற்காக ஒரு செடியை ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது.

ஆயினும், அவ்வினாவை முற்றிலும் தள்ளிவிடவும் இயலாது. எதனைக் கொண்டுவரலாம், எதனை வெளியே விடலாகாது என்பதைத் தெளிவதற்கும் தாயகத்தைப் பற்றிய அறிவு வேண்டும். ஆர்க்கிட் செடிகளின் அழகில் மயங்கி, மலைக்குச் செல்வோர் சிலர் மரத்திலிருந்து அவற்றைப் பெயர்த்து வருகின்றனர். தூசியினும் நுண்ணிய அதன் விதை, காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையின்றி முளைப்பதில்லை. ஆதலின் பெயர்த்த ஒரு செடிக்கு ஈடாக மற்றொன்று எளிதில் தோன்றாது. 1922-ஆம் ஆண்டில் லூயிஸ் நட்சன் என்னும் அமெரிக்க அறிஞர், பூஞ்சையின் துணையின்றியே கண்ணாடிக் குடுவையில் சர்க்கரை கலந்த கூழில் அவ்விதைகளை முளைக்கச் செய்தார். இன்று அத்தகைய முறைகளால் வளர்த்த செடிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. காட்டுச் செடிகளைக் காண விழைவோர் ஏற்காட்டிலுள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டத்திற்குச் செல்லலாம்.

காட்டிலிருந்து வீட்டிற்கு வருவதால் விளையும் கேடு இது. வீட்டிலிருந்து வெளியே செல்வதால் விளைந்த கேடு இதனினும் பெரிது. பல நிறப் பூங்கொத்துகளை உடைய உண்ணிச்செடி, வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் தோட்டத்து அழகுக்காகவே இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. பறவைகள் அதன் கனியை உண்டு விதையைப் பரப்பின. முதுமலைக் காட்டில் இன்று அது புதர் புதராக மண்டி, மான்களும் காட்டெருமைகளும் மேயும் புல்லை வளரவிடாது செய்கின்றது. பூவின் அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை ஏரிகளை மூடிக்கொண்டது. தாயகத்தில் அவற்றை அடக்கிவைத்த பூச்சிகள் இங்கு உடன் வரவில்லை. ஆகவே, தொட்டியிலிருந்து கழித்த கொடிகளையும் கிழங்குகளையும் ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ எறிதல் கூடாது. அவற்றை வெயிலில் நன்கு உலர்த்தியபின் எருக்குழியில் இட்டால், அடுத்த ஆண்டிற்கு வேண்டிய உரமும் கிடைக்கும்.